தெல்மா ரிட்டர், கடிதம்

அன்புள்ள ஐயா,

சென்ற வாரம் ஹிட்ச்காக்கின் ‘ரியர் விண்டோ’ பார்த்தேன். கால் உடைந்து கிடக்கும் நாயகனைப் பார்த்துக்கொள்ள வரும் நர்ஸாக நடித்தவர் தெல்மா ரிட்டர். ஆறு முறை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டும் ஒருமுறைகூடக் கிடைக்கவில்லையாம். கடைசிவரை துணை நடிகையாகவே இருந்துவிட்டார், பாவம். ஏன் கொடுக்கவில்லை? அடுத்து அவருடைய எந்தப் படத்தைப் பார்க்கலாம்?

எம்.

அன்புள்ள எம்.,

ஏன் கொடுக்கவில்லை என்று ஓட்டுப் போட்டவர்களைத்தான் கேட்கவேண்டும். விடுங்கள்.

‘பாவம்’ என்கிறீர்களே, அதுதான் எரிச்சலாக இருக்கிறது. ப்ரூக்ளின்காரர். நாடகத்தில் தொடங்கி, பிள்ளைகளை வளர்க்க நடிப்பை விட்டு, ரேடியோ வழியாகத் திரும்பியவர். முதல் படம் 1947-ல், 45 வயதில். நியூயார்க்கின் பெரிய கடையான மேஸிஸுக்குப் பிள்ளையோடு வந்து கால் கடுத்துப்போன ஒரு அம்மா வேடம். டைட்டிலில் பெயர்கூடக் கிடையாது. அதற்கப்புறம் 1950 முதல் 1953 வரையிலான படங்களுக்கு வருஷம் தவறாமல் பரிந்துரை. இவரைப் பார்த்தா பரிதாபப்படுகிறீர்கள்? ‘துணை நடிகை’ என்றும் எழுதாதீர்கள். நம் சினிமாவில் அது கூட்டத்தில் நிற்பவர்களுக்கு வைத்த பெயர். குணச்சித்திர நடிகை என்று அழகான சொல் இருக்கிறதே.

சாமுவேல் ஃபுல்லரின் ‘பிக்கப் ஆன் சவுத் ஸ்ட்ரீட்’ (1953) படத்தில் அவர் பெயர் மோ. நியூயார்க்கில் கழுத்து டை விற்பவள். போலீசுக்குத் துப்புச் சொல்லியும் காசு வாங்குவாள். எதற்கு? தன்னை அநாதைப் பிணங்களோடு புதைத்துவிடக் கூடாது, சொந்தமாக ஒரு குழி வேண்டும் என்பதற்கு.

என் பெரியம்மாவும் அப்படித்தான். தகரப்பெட்டியில் பழைய சேலைக்கு அடியில் ஒரு முடிச்சு. “இது என்னைத் தூக்கிப்போடுற செலவுக்கு” என்பார். காலேஜ் பரீட்சைக்குப் பணம் கட்ட வழியில்லாமல் ஒருமுறை அதைக் கேட்டேன். முடிச்சை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் காதில் கிடந்ததைக் கழற்றிக் கொடுத்தார். முடிச்சைத் தரவில்லை. கஞ்சத்தனம் என்று நினைத்துக்கொண்டே தோட்டை வாங்கிப் போனேன். இருபது வயதில் எனக்கிருந்த அறிவு அவ்வளவுதான்.

மோவின் கடைசி இரவைப் பாருங்கள். அறைக்கு வருகிறாள், இசைத்தட்டை ஓடவிடுகிறாள், கட்டிலில் சாய்கிறாள். துப்பாக்கியோடு ஒருவன் காத்திருக்கிறான். நாயகன் இருக்கும் இடத்தைச் சொன்னால் பணம் தருவதாகச் சொல்கிறான். பைசாவுக்குத் துப்பு விற்றவள், குழிக்காகவே காசு சேர்த்தவள், மாட்டேன் என்கிறாள். ரிட்டர் அங்கே அழுவதில்லை, குரலை உயர்த்துவதுமில்லை. களைத்துப்போயிருக்கிறேன் என்பதை, நாள் முழுக்கத் தெருவில் நின்றுவிட்டு வந்த ஒருத்தி சொல்வது மாதிரி சொல்கிறார், அவ்வளவே. கேமரா இசைத்தட்டின் பக்கம் போய்விடுகிறது. வெடிச்சத்தம் மட்டும் கேட்கிறது. தட்டு தீர்ந்துபோய்ச் சுற்றுகிறது.

கதையைச் சொல்லிவிட்டேன் என்று சண்டைக்கு வராதீர்கள், எழுபது வருஷப் படம். நல்லவேளை, அப்புறம் நாயகன் போய் அவள் சவப்பெட்டியை மீட்டுவருகிறான். பெரியம்மா காரியத்துக்கு நாங்கள் யாரும் ஒரு ரூபாய்கூடப் போடவேண்டியிருக்கவில்லை.

எந்தப் படம் என்று கேட்டிருந்தீர்கள், இல்லையா? இதுதான். ஃபோனில் ஓட்டி ஓட்டிப் பார்க்காதீர்கள்.