கெக்கில் ஏற்றியதும் ஹாப்ஸ் வாசனை எங்கே போகிறது? வாசகர் கேள்வி பதில்

வீட்டில் பீர் காய்ச்சுகிறவர்களிடமிருந்து இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்தான். பீர் நொதிக்கும் கலனான ஃபெர்மென்டரில் இருக்கும்போது ஹாப்ஸ் (பீருக்கு மணம் தரும் பூ) வாசனையில் வீடே மணக்கிறது, கெக்குக்கு (அழுத்தம் தாங்கும் உலோகப் பீப்பாய்) மாற்றி கேஸ் (கார்பன் டை ஆக்சைடு) ஏற்றியதும் மணம் காணாமல் போகிறது. அதனால் மற்றதை ஒதுக்கிவிட்டு இதையே எடுத்துக்கொள்கிறேன்.

கேஸ் ஏறும் நாட்களில் தினமும் ஒருமுறை ரிலீஃப் வால்வை (அழுத்தத்தை வெளியே விடும் வால்வு) இழுத்து விடுகிறேன். அருமையான வாசனை வருகிறது. சரிதானே? (ஸ்கார்பரோ)

சரியில்லை. அந்த அருமையான வாசனை உங்கள் கிளாஸுக்கு வந்திருக்க வேண்டியது. கெக்கை நிரப்பியவுடன் மேலே தங்கிய காற்றை விரட்ட வால்வை இழுப்பது வேறு விஷயம்: 30 பி.எஸ்.ஐ. (அழுத்த அளவு) ஏற்றி முழுதாக வெளியே விட்டால் ஒவ்வொரு முறையும் ஆக்சிஜன் மூன்றில் ஒரு பங்காகக் குறையும். பத்து முறை செய்தால் போதும், பீரில் அப்போது கேஸ் அதிகம் இல்லாததால் மணமும் பெரிதாக வெளியேறாது. அதற்குப் பிறகு வால்வில் கை வைக்காதீர்கள்.

12 பி.எஸ்.ஐ.யில் பொறுமையாக ஏற்றுவதா, 30-இல் வைத்துக் கெக்கை உருட்டி அரை மணி நேரத்தில் முடிப்பதா? எதில் மணம் நிற்கும்? (சிங்கப்பூர்)

மூடிய கெக்கை உருட்டுவதால் மட்டும் மணம் எங்கும் போய்விடாது. ஆனால் மேலே கொஞ்சம் காற்று மிச்சமிருந்தால் அதை நீங்களே பீரில் கலக்கிவிடுகிறீர்கள், அடியில் படிந்த ஹாப்ஸ் துகளும் எழும்பித் தொண்டையைக் கரகரக்க வைக்கும். தவிர உருட்டுகிறவர்கள் பெரும்பாலும் அளவு தாண்டிவிடுகிறார்கள், அப்புறம் கேஸை இறக்க வால்வைத் திரும்பத் திரும்ப இழுக்கிறார்கள், நுரையோடு மணம் போவது அங்கேதான். 4 டிகிரி குளிரில் 12 பி.எஸ்.ஐ. வைத்துப் பத்து நாள் விட்டுவிடுங்கள். அவசரமென்றால் 30-இல் ஒரு நாள், பிறகு 12-க்கு இறக்குங்கள். கார்பனேஷன் ஸ்டோன் (கேஸைச் சிறு குமிழிகளாக விடும் நுண்துளைக் கல்) போட்டுவிட்டு வால்வைத் திறந்தே வைக்கும் பழக்கம் இருந்தால் இன்றே விடுங்கள், குமிழி ஒவ்வொன்றும் மணத்தைக் கூட்டிக்கொண்டுதான் வெளியேறும்.

20 லிட்டருக்கு முதலில் 150 கிராம், அடுத்து 200, இந்த முறை 300 கிராம் கேலக்ஸி வகை ஹாப்ஸ் போட்டேன். இரண்டாவது வாரமே வாசனை போய், நிறமும் பழுப்பாகிவிட்டது. இன்னும் 100 கிராம் கூட்டலாமா? (மெல்பர்ன்)

கூட்டக் கூடாது. இரண்டு பக்கக் கடிதத்தில் ஹாப்ஸ் எங்கே வாங்கினீர்கள், என்ன விலை, எந்த ஆண்டு அறுவடை என்று எல்லாம் இருக்கிறது. பீர் எப்படிக் கெக்குக்குள் போனது என்று மட்டும் ஒரு வரி இல்லை. இதே தகவலை விட்டுவிட்டு எழுதுகிறவர்கள் மாதா மாதம் வருகிறார்கள்! நிறம் பழுப்பானது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது ஆக்சிஜனின் வேலை. மூடியைத் திறந்து வைத்து, மேலிருந்து குழாயைத் தொங்கவிட்டு, சளசளவென்று ஊற்றியிருப்பீர்கள். முன்னாடியே கொஞ்சம் கார்பன் டை ஆக்சைடு விட்டேன், அது கனமான வாயு, போர்வை மாதிரி படிந்து காக்கும் என்பார்கள். படியாது. வாயுக்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும், திறந்த மூடி வழியாகக் காற்று உள்ளே வந்துகொண்டே இருக்கும். 20 டிகிரியில் லிட்டர் தண்ணீர் காற்றிலிருந்து ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஆக்சிஜனைக் கரைத்துக்கொள்ளும். நல்ல பீர் ஆலைகள் 0.05 மில்லிகிராம் தாண்டினாலே கவலைப்படுகின்றன. பழ வாசனை தரும் தயோல்கள் என்ற கந்தகச் சேர்மங்கள் முதலில் அடிபடும், அதற்கு எத்தனை கிராம் ஹாப்ஸ் போட்டாலும் ஈடாகாது.

செய்ய வேண்டியது இது. கெக்கை சானிடைசரால் (கிருமி நீக்கும் திரவம்) விளிம்பு வரை நிரப்பி மூடுங்கள். மூடியின் உள்குழிவிலும் கேஸ் குழாயின் அடியிலும் ஒரு கைப்பிடி காற்று ஒளிந்திருக்கும், அதனால் கேஸ் முனை மேலே வரும்படி கெக்கைச் சாய்த்து, அந்தக் காற்றையும் வெளியேற்றி, மேலும் கொஞ்சம் சானிடைசர் விட்டு நிரப்புங்கள். பிறகு கேஸ் கொடுத்து, திரவ முனை வழியாகக் கடைசிச் சொட்டு வரை வெளியே தள்ளுங்கள். பீரும் அதே திரவ முனை வழியாக அடியிலிருந்து ஏறட்டும், கெக்கிலிருந்து வெளியேறும் கேஸ் இன்னொரு குழாயில் ஃபெர்மென்டரின் தலைக்குத் திரும்பட்டும். மூடியைத் திறக்கவே வேண்டாம். சானிடைசர் வீணாகிறதே என்பவர்கள் நொதிக்கும்போது வரும் கேஸையே கெக்குக்குள் ஓடவிடலாம், 20 லிட்டர் பீர் சுமார் 400 லிட்டர் கேஸ் தரும்.

ஹாப்ஸ் அளவுக்கும் ஒரு வார்த்தை. ஒரேகான் மாநிலப் பல்கலைக்கழகத்தில் காஸ்கேட் வகை ஹாப்ஸ் வைத்துச் செய்த ஆய்வில், லிட்டருக்கு 8 கிராம் தாண்டியதும் எலுமிச்சை வகை மணம் கூடவில்லை, மூலிகை, தேயிலை வாடைதான் கூடியது. நீங்கள் போடுவது 15. பாதியாகக் குறையுங்கள், மிச்சப் பணத்தில் இரண்டு குழாயும் நல்ல இணைப்புகளும் வாங்குங்கள்.

சிலிக்கான் குழாய் போதுமா?

சூடான வார்ட்டுக்கு, அதாவது நொதிக்கும் முன் உள்ள இனிப்புச் சாற்றுக்கு, போதும். பீருக்குக் கூடாது, சிலிக்கான் வழியே ஆக்சிஜன் எளிதாக ஊடுருவும்.

கேஸ் ஏறிய கெக்கில் இன்னும் கொஞ்சம் ஹாப்ஸ் போடலாமா அண்ணா? (ஹாரோ, லண்டன்)

திறந்து போட்டால் நுரை பொங்கித் தரையெல்லாம் பீராகும், காற்றும் உள்ளே போகும். கெக்கில் ஹாப்ஸ் வேண்டுமென்றால், பீர் ஏறுவதற்கு முன்பே மெல்லிய வலைப்பையில் லிட்டருக்கு 2, 3 கிராம் கட்டித் தொங்கவிட்டு, மூடி, 30 பி.எஸ்.ஐ.யில் பதினைந்து முறை காற்றை விரட்டிவிட்டு நிரப்புங்கள். ஹாப்ஸ் உருண்டைகளுக்கு இடையிலும் காற்று இருக்கும், அதனால்தான் கூடுதல் முறை.

நொதித்தல் முடியும் முன்பே மூடி, அந்தக் கேஸையே பிடித்துவைக்க எப்போது மூடுவது?

இறுதி அடர்த்திக்கு 3, 4 புள்ளி (ஒரு புள்ளி என்பது அடர்த்தியில் 0.001) இருக்கும்போது. ஒரு புள்ளி ஏறக்குறைய அரை வால்யூம் (பீரின் கொள்ளளவில் பாதி) கேஸ் தரும். மிச்ச ஆக்சிஜனை ஈஸ்ட் தின்றுவிடுவதால் மணத்துக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. ஆனால் அழுத்தம் தாங்கும் கலன், வேலை செய்யும் ரிலீஃப் வால்வு, ஸ்பண்டிங் வால்வு (அழுத்தத்தை வேண்டிய அளவில் நிறுத்துவது) மூன்றும் இல்லாமல் முயலாதீர்கள். சாதாரண பிளாஸ்டிக் வாளியில் ஒருபோதும் வேண்டாம்.

மெட்டாபைசல்ஃபைட் (ஆக்சிஜனைப் பிடிக்கும் உப்பு) போட்டால் மணம் நிற்குமா?

உதவும். 20 லிட்டருக்கு அரை கிராமுக்கும் குறைவாக. ஆஸ்துமா உள்ளவர்களிடம் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். மூடியைத் திறந்து வைத்து ஊற்றிய பீரை இது காப்பாற்றாது.

குளிர்பெட்டியில் இடமில்லை. நிரப்பிய கெக் சமையலறையில் நிற்கலாமா?

32 டிகிரியில் மூன்று நாள், 22-இல் முப்பது நாள், 3-இல் முந்நூறு நாள், மூன்றும் பீரை ஒரே அளவு கெடுக்கும் என்பது தொழிலில் சொல்லும் கணக்கு. இடம் பண்ணுங்கள்.

பழைய சோடா கெக் வாங்கினேன். என்ன ஊற்றினாலும் ரூட் பீர் (ஒரு சோடா பானம்) வாடை.

ரப்பர் வளையங்கள் எல்லாவற்றையும் மாற்றுங்கள்.

புது சிலிண்டர் மூன்றே நாளில் காலி. பீர் கேஸைக் குடித்துவிட்டதா?

கசிகிறது. 19 லிட்டர் கெக்குக்கு 100 கிராம்தான் வேண்டும். சோப்புத் தண்ணீரை ஒவ்வொரு இணைப்பிலும் தெளித்துப் பாருங்கள், முதலில் மூடியின் பெரிய வளையத்தில். மூடும்போது 30 பி.எஸ்.ஐ. ஒருமுறை கொடுத்தால்தான் அது சரியாகப் பதியும். சிலிண்டர் சின்ன அறையில் இருந்தால் ஜன்னலைத் திறந்து வைத்துவிட்டு உள்ளே போங்கள், இந்த வாயு மூச்சை அடைத்துவிடும்.