ஏப்ரலில் கட்டிய வரியில் என் பங்கு எவ்வளவு?

கேள்வி: வேளச்சேரியில் பழைய அடுக்குமாடி வீடு ஒன்றை வாங்குகிறேன். ஜூலை 10 அன்று பத்திரப்பதிவு. அரையாண்டுச் சொத்து வரியை ஏப்ரலிலேயே கட்டிவிட்டதால் அதில் பாதியை நான் தர வேண்டும் என்கிறார் விற்பவர். ஜூலை மாதப் பராமரிப்புக் கட்டணம் ரூ.4,650-ஐயும் அவரே செலுத்தியிருக்கிறார். ஆனால், குடியிருப்போர் சங்கம் மார்ச் மாதம் விதித்த பெயின்ட் செலவுப் பங்கு ரூ.28,000 இன்னும் பாக்கி. அதைப் புது ஓனர் கட்டிக்கொள்ளட்டும் என்கிறார். எது சரி?
- ஒரு வாசகர், சென்னை

பதில்: 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 55-ஆவது பிரிவில், வேறு ஒப்பந்தம் இல்லாத நிலையில், விற்பனைத் தேதி வரை செலுத்த வேண்டியதாகிவிட்ட வரி முதலானவற்றை விற்பவரும், உரிமை மாறிய பின் வருவனவற்றை வாங்குபவரும் ஏற்க வேண்டும் என்கிறது. நாள் கணக்கிட்டுப் பிரிப்பது சட்டம் வகுத்த வாய்பாடு அல்ல. இரு தரப்பும் ஒப்புக்கொண்டு செய்வது. ஆகவே, 'பாதி தா' என்று அவர் உரிமையோடு கேட்பதற்கு இடமில்லை என்றாலும், நீங்கள் குடியிருக்கப்போகும் நாள்களுக்கான வரியைத் தருவதே முறை.

அது பாதி ஆகாது. சென்னை மாநகராட்சியின் முதல் அரையாண்டு ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரை, 183 நாள்கள். ஜூலை 9 வரையிலான 100 நாள்கள் அவருடையவை. பதிவு நாளிலிருந்து 83 நாள்கள் உங்களுடையவை. வரி ரூ.3,660 என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரலுக்குள் கட்டுவோருக்கு 5 சதவீத ஊக்கத்தொகை உண்டு என்பதால் அவர் கையிலிருந்து போனது ரூ.3,477 ஆக இருக்கும். ஆகவே, ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்; நாளொன்றுக்கு ரூ.20 அல்ல, ரூ.19 வீதம் ரூ.1,577 தந்தால் போதும். பராமரிப்பில் 22 நாள்களுக்கு ரூ.3,300. பதிவுக்குப் பிறகும் அவர் சில வாரங்கள் குடியிருப்பதாக இருந்தால், சாவி கைமாறும் நாளையே கணக்கு நாளாக ஒப்பந்தத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

பெயின்ட் பாக்கி வேறு விஷயம். அது மார்ச்சிலேயே விதிக்கப்பட்டுச் செலுத்த வேண்டியதாகிவிட்ட தொகை என்பதால் அவருடைய கடன்தான். ஆனால், பதிவு முடிந்த மறுநாள் சங்கச் செயலாளர் வந்து நிற்கப்போவது உங்கள் வாசலில். எனவே, பதிவுக்கு முன்பே சங்கத்திடம் பாக்கி விவரத்தை எழுத்தில் பெற்று, ரூ.28,000-ஐ விற்பவர் சார்பில் நீங்களே செலுத்தி, நீங்கள் தர வேண்டிய ரூ.4,877 போக மீதி ரூ.23,123-ஐ அவருக்குத் தரவேண்டிய இறுதித் தவணையில் கழித்துக்கொண்டு, இந்தக் கணக்கு முழுவதையும் இருவரும் கையொப்பமிட்ட தனித்தாளில் பதிந்துவிடுங்கள். சங்கம் தரும் 'பாக்கி இல்லை' கடிதத்தையும் அதனுடன் இணைத்து வையுங்கள்.