வராமல் போனவர்களிடம் கேளுங்கள்

கேள்வி: முதியவர்களுக்காக வாரம் ஒருநாள் மாலையில் பாட்டு, சொற்பொழிவு என்று நடத்துகிறோம். முதல் மாதம் கூட்டம் நன்றாக இருந்தது, இப்போது ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள். எங்கே தவறு?

பதில்: வருகிற ஏழெட்டுப் பேரை விடுங்கள், வராமல் போனவர்களின் வீட்டுக்குப் போய்க் கேளுங்கள். பெரும்பாலும் காரணம் நிகழ்ச்சியாக இருக்காது. இருட்டிய பிறகு தனியாகத் திரும்பப் பயம், ஏறமுடியாத படிகள், பக்கத்தில் கழிப்பறை இல்லை, கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்தால் எழ முடியவில்லை, மேடையில் பேசுவது காதில் விழவில்லை... இதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லக் கூச்சப்பட்டு, "வேலை இருக்கு" என்று சொல்லிவிடுவார்கள்.

உலக சுகாதார நிறுவனம் 2007-இல் முதியோருக்கு உகந்த நகரங்களுக்கான வழிகாட்டியை வெளியிட்டபோது, முதியவர்களிடமே பேசித்தான் அதைத் தயாரித்தது. நீங்களும் திட்டக்குழுவில் பாதி இடத்தை அவர்களுக்கே கொடுங்கள். கணக்குப் பார்த்தவர் கணக்கைப் பார்க்கட்டும், தைக்கத் தெரிந்தவர் கற்றுக்கொடுக்கட்டும். எப்போதும் பார்வையாளராகவே உட்கார வைத்தால் யாருக்குத்தான் சலிக்காது?

அப்புறம், நேரத்தைக் காலைக்கு மாற்றுங்கள். 65 வயதைத் தாண்டியவர்கள் வாரத்தில் 3 நாளாவது உடல் சமநிலைக்கான பயிற்சி செய்ய வேண்டும் என்கிறது அதே நிறுவனம், கீழே விழுவதைத் தடுக்க அது உதவும். அதில் ஒருநாளையாவது உங்கள் நிகழ்ச்சியிலேயே சேர்த்துவிடலாம். இரண்டு வாரம் தொடர்ந்து வராதவருக்கு ஒரு போன் போடுங்கள், முடிந்தால் இன்றைக்கே.