எலி எடை குறையாவிட்டால் பாதுகாப்பா?

வணக்கம். மருந்தியலில் முதுகலை படிக்கிறேன். புற்றுக்கட்டிக்குள் கார்பன் மோனாக்சைடை விடுவிக்கும் நானோதுகள்கள் பற்றிக் கருத்தரங்கில் பேச வேண்டும். ‘எலிகளின் எடை குறையவில்லை, உறுப்புகளின் திசுவெட்டில் கோளாறில்லை, எனவே பாதுகாப்பானது’ என்றே நான் படித்த கட்டுரைகள் முடிகின்றன. உடலிலேயே ஊறும் வாயுதானே, இந்தச் சான்று போதாதா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

போதாது. ஹீமோகுளோபினில் உள்ள ஹீம் என்ற இரும்புப் பகுதி சிதையும்போது உடலில் இந்த வாயு ஊறுவது உண்மை. ஆனால் அது சொட்டுச் சொட்டாக ஊறுவது; ஊசியில் போவது மொத்தமாக இறங்குவது. கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

துகளில் ஏற்றும் வாயுச் சேர்மம் மாங்கனீஸ் கார்பனைல், சுண்டெலிக்குக் கிலோவுக்கு 20 மி.கி. என்று வைத்துக்கொள்வோம் (கணக்குக்காக நான் எடுத்த எண்). சுண்டெலி அளவை உடல் பரப்பளவுப்படி மனித அளவாக்க 12.3-ஆல் வகுத்தால், 60 கிலோ மனிதருக்குச் சுமார் 98 மி.கி. மூலக்கூறு எடை 390, ஆகவே 0.25 மில்லிமோல். ஒரு மூலக்கூறுக்குப் பத்து கார்பன் மோனாக்சைடு. அத்தனையும் வெளிவந்தால் 56 மி.லி. வாயு. ஒரு கிராம் ஹீமோகுளோபின் 1.34 மி.லி. பிடிக்கும். 4.2 லிட்டர் ரத்தம், ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 14 கிராம் என்றால் அதில் 7 சதவீதம் அடைபடும். கீமோவில் ஹீமோகுளோபின் 10-க்கு இறங்கியவருக்கு அதே மருந்து 10 சதவீதத்தை அடைக்கும். தலைவலி தொடங்கும் இடம் அது. பரப்பளவை மறந்து கிலோவுக்குக் கிலோ பெருக்கினால் 690 மி.லி. வரும். ஆள் பிழைக்க மாட்டார்.

‘கட்டிக்குள் மட்டும்தான் வெளிவரும்’ என்பார்கள். பத்தாண்டு ஆய்வுகளைத் தொகுத்து 2016-இல் வந்த கணக்குப்படி, ஏற்றிய நானோதுகளில் கட்டியைச் சேர்வது இடைநிலை மதிப்பில் 0.7 சதவீதம். மீதியில் பெரும்பங்கைக் கல்லீரலும் மண்ணீரலும் விழுங்கும். அமிலத்தில் திறக்கும் துகள் என்றால் இன்னும் சிக்கல்: கட்டியின் பிஎச் 6.5 முதல் 6.8 வரை, கல்லீரலில் துகள்களை விழுங்கும் கூஃபர் செல்லுக்குள், செரிமானப் பையான லைசோசோமில் 5-க்கு அருகில். பூட்டு முதலில் எங்கே திறக்கும்?

வாயு போனபின் கிடக்கும் சக்கைதான் என்னை அதிகம் உறுத்துகிறது. அந்த 98 மி.கி.யில் மாங்கனீஸ் மட்டும் 27 மி.கி.க்கு மேல். ரத்தநாளம் வழி ஊட்டம் ஏற்றும் பெரியவருக்கு ஒரு நாளைக்குப் பரிந்துரைப்பது 55 மைக்ரோகிராம். மாங்கனீஸ் பித்தத்தில்தான் கழியும். கல்லீரல் தளர்ந்தவருக்கு மூளையின் அடி முடிச்சுகளில் தங்கி, பார்க்கின்சன் போன்ற நடுக்கம் தரும். இரண்டு வாரம் எலியின் எடை பார்த்தால் இது தெரியாது.

ஆகவே கட்டுரையில் முதலில் தேட வேண்டியது, வாயு தீர்ந்த துகளைத் தனியாகக் கொடுத்துப் பார்த்தார்களா என்பதை. வெறும் உப்புநீர் ஒப்பீடு உதவாது. கார்பன் மோனாக்சைடை விடுவிக்கும் கார்ம்-3 என்ற ருத்தீனியச் சேர்மம் செல்களைக் கொன்றதற்கு வாயுவே காரணம் என்று நெடுங்காலம் நம்பினார்கள். செல்லின் தயால்களோடு (கந்தகத் தொகுதிகளோடு) வினைபுரியும் ருத்தீனியமே காரணம் என்று பிறகு தெரிந்தது. அதன் வாயுவை அளந்த மயோகுளோபின் சோதனையிலும் ஒரு கோளாறு: அதில் சேர்க்கும் சோடியம் டைதயோனைட்டே வாயுவைப் பிடுங்கி வெளியே விட்டது.

அடுத்து, ரத்தம் எடுத்த நேரம். எலி வேகமாக மூச்சுவிடும், வாயுவும் வேகமாகக் கழியும். 24 மணி நேரம் கழித்துக் குத்தினால் ஒன்றும் இருக்காது. 5, 15, 30, 60 நிமிடங்களில் எடுத்து, கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினைத் தனியே அளக்கும் கோ-ஆக்சிமீட்டரில் பார்த்திருக்க வேண்டும். சாதாரண பல்ஸ் ஆக்சிமீட்டர் காட்டிய 98-ஐச் சான்றாகப் போட்டிருந்தால் தள்ளிவிடுங்கள். கார்பன் மோனாக்சைடு பிடித்த ஹீமோகுளோபினையும் அது ஆக்சிஜன் பிடித்ததாகவே எண்ணும்.