கவுண்டர் ஸ்ட்ரைக், வெலோரண்ட் போன்ற விளையாட்டுகளில் உங்களுக்குப் பிடித்த அணியும் வீரரும் யார்? ஏன்?

வீரர் என்றால் எனக்கு யோசனையே வேண்டாம், கவுண்டர் ஸ்ட்ரைக்கின் கேரிகன். அணி என்றால் இரண்டு பெயர் சொல்வேன். வெலோரண்டில் பேப்பர் ரெக்ஸ், கவுண்டர் ஸ்ட்ரைக்கில் தி மங்கோல்ஸ். ஏன் என்று சொல்வதற்கு இலங்கையில் எங்கள் ஹட்டன் டவுனில் இருந்த ஒரு நெட் கஃபேயில் இருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அங்கே பத்து கொம்பியூட்டர், எல்லாவற்றிலும் கவுண்டர் ஸ்ட்ரைக் 1.6. ஒரு மணித்தியாலத்துக்கு 50 ரூபா. டியூஷன் விட்டு தோட்டத்துக்குப் போகும் பஸ் வரும்வரை ஐந்து பேர் காசு சேர்த்து உட்காருவோம். எங்கள் லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகள்) அண்ணா ஒருவர், எங்களைவிட மூன்று வயது மூத்தவர், ஒவ்வொரு ரவுண்டிலும் அவர்தான் முதலில் உள்ளே போவார். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: ஐந்து பேருக்கு ஐந்து பேர், ஒரு பக்கம் குண்டு வைக்க வேண்டும், மறுபக்கம் தடுக்க வேண்டும், செத்தால் அந்த ரவுண்ட் முடியும்வரை பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான். அதனால் வாசலை முதலில் தாண்டுகிறவர் அநேகமாகச் சாவார். டஸ்ட் 2 என்ற மேப்பில், அதாவது ஆடுகளத்தில், லோங் என்ற பக்கம் இரட்டைக் கதவு இருக்கிறதே, அதைத் தாண்டுவதற்கு முன் அண்ணா கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமலே என்னிடம் சொல்வார், "நான் விழுந்த உடனே வலப்பக்கக் குழிய பார்த்து சுடுடா, அங்கதான் நிப்பான்." போவார், விழுவார், நான் சுடுவேன். ஸ்கோர்போர்டில் என் பெயர் மேலே, அவர் பெயர் கடைசியில். மற்றப் பையன்கள் அவரைக் கேலி செய்தார்கள், நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். ஏ.எல். முடித்து அவர் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு நாங்கள் அந்தக் கதவுக்கு வெளியே நின்றுகொண்டு நீ போ, நீ போ என்று ஆளை ஆள் தள்ளிக்கொண்டிருப்போம், நேரம் முடிந்துவிடும், தோற்போம். வாரக்கணக்கில் தோற்றோம்.

கேரிகன் விளையாடுவதைப் பார்க்கும்போது எனக்கு அந்த அண்ணாதான் ஞாபகம் வருவார். டென்மார்க்காரர், கேப்டன், ரவுண்டுக்கு ரவுண்ட் என்ன செய்வது என்று சொல்கிறவர். அவரே முன்னால் ஓடி முதலில் சாவதும் வழக்கம், அதனால் பல மேட்ச்களில் ஸ்கோர்போர்டின் அடியில்தான் இருப்பார். 2016-ல் ஆஸ்ட்ராலிஸ் அணி அவரை விட்டுவிட்டு வேறு கேப்டனைக் கொண்டுவந்தது, சில மாதங்களிலேயே, 2017 ஜனவரியில், அட்லாண்டா மேஜரை வென்றது. மேஜர் என்பது கவுண்டர் ஸ்ட்ரைக்கின் உலகக் கோப்பை மாதிரி. தன்னை வேண்டாம் என்ற அணி அடுத்த மாதங்களிலேயே கோப்பையைத் தூக்குவதைப் பார்ப்பது எப்படி இருந்திருக்கும்?

அடுத்த வருடம் நடந்தது அதைவிடக் கொடுமை. 2018 ஜனவரி, பொஸ்டன் மேஜர் இறுதி, அவருடைய ஃபேஸ் அணிக்கும் கிளவுட் 9 அணிக்கும். மூன்றாவது மேப் இன்ஃபெர்னோவில் ஃபேஸ் 15-11 முன்னால் நிற்கிறது, இன்னும் ஒரே ஒரு ரவுண்ட் எடுத்தால் கோப்பை. அந்த ஒன்று வரவேயில்லை. ஓவர்டைம் போய், அதற்கு மேல் இன்னொரு ஓவர்டைம் போய், 22-19 என்று கிளவுட் 9 வென்றது. அந்த வருடக் கடைசியில் ஃபேஸும் அவரை ஓரம் கட்டியது. பிறகு மவுஸ்ஸ்போர்ட்ஸ் போனார், ரொப்ஸ் போன்ற இளம் வீரர்களோடு விளையாடினார், 2021-ல் ஃபேஸ் திரும்பக் கூப்பிட்டது, போனார். எனக்கு அவர்மேல் மரியாதை வந்தது அங்கேதான். உதறியவர்கள் கூப்பிட்டபோது மனதில் எதையும் வைத்துக்கொள்ளாமல் போய் வேலையைத் தொடங்க எல்லோராலும் முடியாது.

2022 மே 22, அன்ட்வேர்ப் மேஜர் இறுதி. அந்த வருடம் இலங்கையில் எப்படி இருந்தது என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும். மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம்வரை கரண்ட் வெட்டினார்கள், மே மாதம் அது குறைந்திருந்தது என்றாலும் பெட்ரோல் இல்லை, கேஸ் இல்லை, வரிசையில் நின்று நின்றே நாள் போகும். நான் போனைப் பகலெல்லாம் தொடாமல் பாட்டரியை மிச்சம் பிடித்து, அன்று இரவு டேட்டாவில், படத்தின் தரத்தை ஆகக் குறைத்து வைத்துப் பார்த்தேன். வெளியே நல்ல மழை. ஜன்னல் கட்டையில் ஒரு குறிப்பிட்ட இடத்தில் போனைச் சாய்த்தால்தான் சிக்னல் நிற்கும், அதனால் போர்வையைச் சுற்றிக்கொண்டு அந்தக் கட்டைக்குப் பக்கத்திலேயே நின்றேன். எதிரே நாவி அணி, உலகின் சிறந்த வீரர் என்று பேசப்பட்ட சிம்பிள் இருக்கும் நாவி, முந்தைய மேஜரில் ஒரு மேப்கூடத் தோற்காமல் கோப்பை எடுத்த நாவி. முதல் மேப் எது தெரியுமா? அதே இன்ஃபெர்னோ. அதுவும் ஓவர்டைம். பொஸ்டன் அப்படியே திரும்பி வருகிறது என்று எனக்கு வயிற்றைப் பிசைந்தது. இந்த முறை 19-16, ஃபேஸ். அடுத்து நியூக் 16-10. முடிந்தது. 32 வயதில் முதல் மேஜர், பொஸ்டனில் கூடவே தோற்ற ரெயின்தான் அந்தத் தொடரின் சிறந்த வீரர். டென்மார்க், நோர்வே, கனடா, எஸ்தோனியா, லாத்வியா என்று ஐந்து பேரும் ஐந்து நாட்டுக்காரர்கள், பல நாட்டுக் கலப்பு அணி ஒன்று மேஜர் வென்றது அதுதான் முதல் தடவை. அண்ணாவுக்கு உடனே ஒரு வொய்ஸ் மெசேஜ் போட்டேன். எனக்குப் பேச்சு வரவில்லை, மழைச் சத்தம்தான் அதில் பதிவாகியிருந்தது.

சரி, நட்சத்திரங்களைப் பிடிக்காதா என்று கேட்பீர்கள். பிடிக்கும். சிம்பிளின் 2021-ஐப் போல ஒரு வருடத்தை நான் பார்த்ததில்லை. ஸைவூ எவ்வளவு வென்றாலும் தலைகனமே இல்லாத மனிதர், அதற்காகவே அவர் வெல்லும்போது சந்தோஷமாக இருக்கும். டொங்க் 17 வயதில் ஷாங்காய் மேஜரை வென்று தொடரின் சிறந்த வீரராகவும் ஆனான், அந்தப் பையனின் கை வேகத்துக்கு முன்னால் கேரிகனின் ஃபேஸே அன்று இறுதியில் தோற்றது, எனக்கு வருத்தம்தான், ஆனாலும் அது தகுதியான வெற்றி.

நான் ஒத்துக்கொள்ளாதது, ஓர் அணி இரண்டு தொடர் தோற்றால் உடனே ரேட்டிங்கைப் பார்த்து கேப்டனைத் தூக்கு என்று கத்துவது. அலெக்சிப் என்ற கேப்டனைப் பாருங்கள். 2019-ல் என்ஸ் அணியை கடோவிட்சே மேஜர் இறுதிவரை கொண்டுபோனார், அதே வருடம் அவரை எடுத்துவிட்டார்கள். அணி அணியாக அலைந்து கடைசியில் நாவிக்கு வந்தார், சிம்பிள் இல்லாத நாவிக்கு. இனி நாவி கதை முடிந்தது என்று எல்லோரும் எழுதிக்கொண்டிருந்தபோது 2024 மார்ச்சில் கோபன்ஹேகன் மேஜரை வென்றார்கள். உலகின் சிறந்த வீரர் இல்லாமல், நல்ல கேப்டனோடு. இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்?

அப்புறம் அணிகள். ஹட்டனில் இருந்து வெலோரண்ட் விளையாடும் நாங்கள் மும்பை சேர்வரிலோ சிங்கப்பூர் சேர்வரிலோதான் ஏற வேண்டும், மூடுபனி இறங்கிய இரவுகளில் என்னுடைய பிங், அதாவது சேர்வருக்குப் போய்வர ஆகும் தாமதம், 100 மில்லி செக்கனைத் தாண்டிவிடும். ஐரோப்பிய அணிகளைப் பார்க்கும்போது அது வேறு உலகம். பேப்பர் ரெக்ஸ் அப்படி இல்லை. சிங்கப்பூர் அணி, 2025-ல் அதில் விளையாடியவர்கள் இந்தோனேசியாவின் ஃபோர்சேக்கன், மலேசியாவின் டவாய், சிங்கப்பூரின் ஜிங், பிலிப்பைன்ஸின் பாட்மென், ரஷ்யாவின் சம்திங். மற்ற அணிகள் அங்குலம் அங்குலமாக இடம் பிடித்து, கடைசி 20 செக்கனில் குண்டு வைக்கும் சைட்டுக்குள் போகும். இவர்கள் ரவுண்ட் தொடங்கிய கையோடு ஐந்து பேரும் ஒரே வாசலில் பாய்வார்கள், ஒருவர் விழுந்தால் அடுத்தவர் அதே இடத்தில் நிற்பார். பார்ப்பவர்களுக்குக் கண்மூடித்தனமாகத் தெரியும். ஆனால் முன்னால் போகிறவர் விழுவார் என்பதையும் சேர்த்தேதான் அவர்கள் கணக்குப் போடுகிறார்கள். வெலோரண்டின் சர்வதேசத் தொடரான மாஸ்டர்ஸில், 2022 கோபன்ஹேகன் இறுதியில் 2-3 தோல்வி, உலகப் பட்டத்துக்கான 2023 சாம்பியன்ஸ் இறுதியில் ஈவில் ஜீனியஸிடம் 1-3 தோல்வி. (பாட்டர் என்ற பெண் பயிற்சியாளரின் கீழ் ஈவில் ஜீனியஸ் உலகப் பட்டம் வென்றது பெரிய விஷயம், தோற்றாலும் அதைச் சொல்லத்தான் வேண்டும்.) இரண்டு தோல்விக்குப் பிறகும் இவர்கள் பயந்து தங்கள் ஆட்டத்தை மாற்றவில்லை.

2025 ஜூன் 22 இரவை நான் மறக்க மாட்டேன். டொரொண்டோவில் பேப்பர் ரெக்ஸ் மாஸ்டர்ஸ் இறுதி, அதே நாளில் ஆஸ்டினில் தி மங்கோல்ஸ் மேஜர் இறுதி. 35 லட்சம் பேர் உள்ள மங்கோலியாவில் இருந்து ஐந்து பேர், ஆசிய அணி ஒன்று மேஜர் இறுதிக்கு வந்தது அதுதான் முதல் முறை. நானும் அண்ணாவும் வட்ஸ்அப் கோல் போட்டு, அவர் கொழும்பில், நான் இங்கே, தூங்காமல் இருந்தோம். பேப்பர் ரெக்ஸ் ஃப்னாடிக்கை 3-1 என்று வென்றது, அவர்களுடைய முதல் மாஸ்டர்ஸ் கோப்பை. நான் கத்தியதில் அம்மா எழும்பி வந்து பார்த்துவிட்டு, பேசாமல் எனக்கு ஒரு பிளேன்டீ ஊற்றிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆஸ்டினில் மங்கோல்ஸ் வைட்டாலிட்டியிடம் 1-2 தோற்றார்கள். ஸைவூவும் ரொப்ஸும் இருக்கும் வைட்டாலிட்டி அந்த வருடம் யாரையும் விட்டுவைக்கவில்லை. எங்களுக்கு மனம் உடைந்தது உண்மை. இரண்டு மாதத்தில், ஆகஸ்டில், அதே ஐந்து பேர் ரியாத்தில் ஈஸ்போர்ட்ஸ் உலகக் கோப்பையை வென்றார்கள்.

புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர் என்றால் 2022 அன்ட்வேர்ப் இறுதியின் இன்ஃபெர்னோ மேப்பை எடுத்துப் பாருங்கள், முழுதாகவே பதிவு கிடைக்கிறது. யார் எத்தனை பேரைக் கொன்றார் என்று பார்க்காமல், ஒவ்வொரு ரவுண்டிலும் ஃபேஸ் பக்கம் முதலில் விழுவது யார், அவர் விழுந்து இரண்டு செக்கனுக்குள் அந்த இடத்தில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் பாருங்கள்.