கீமோவில் இதயம் கெடாமல் எண்ணெய் காக்குமா? கேள்வி பதில்

அக்கா, அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய். டாக்ஸோரூபிசின் என்ற கீமோ மருந்தை ஏற்றுகிறார்கள். கருஞ்சீரக எண்ணெய் குடித்தால் இதயத்துக்குப் பாதிப்பு வராது என்கிறார் சித்தப்பா. கொடுக்கலாமா?

இப்போதைக்கு வேண்டாம்மா. சித்தப்பா சொல்வதற்கு ஓர் அடிப்படை இருக்கிறது. இந்த மருந்து இதயத் தசையில் இரும்போடு சேர்ந்து செல்களை அரிக்கும் ஆக்சிஜன் மூலக்கூறுகளை உண்டாக்குகிறது. கருஞ்சீரகத்தில் உள்ள தைமோகுயினோன் என்ற வேதிப்பொருள் அதைத் தணிப்பதாக எலி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. ஆனால் கீமோ நோயாளிகளுக்குக் கொடுக்கும் அளவுக்கு அது நிரூபணமாகவில்லை.

எலிக்குப் பலித்தது நமக்கு ஏன் பலிக்காது?

அந்த ஆய்வுகள் எப்படி நடக்கின்றன என்று பாருங்கள். பெரும்பாலும் புற்றுநோயே இல்லாத எலிகள். எண்ணெயைச் சில நாள் முன்கூட்டியே கொடுத்துவிட்டு மருந்தைப் பெரிய அளவில் செலுத்துவார்கள். இதயம் தப்பியதா என்பது தெரிந்துவிடும். கட்டியும் சேர்ந்து தப்பியிருக்குமா என்பது தெரியாது. எனக்குப் பெரிய கவலையே இதுதான். வைட்டமின் ஈ கதையும் அப்படித்தான். 1970களில் சுண்டெலிகளின் இதயத்தைக் காத்தது. 1980களில் நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள், காக்கவில்லை. தாவர எண்ணெய்கள் பலவற்றிலும் இருப்பது அதே வைட்டமின் ஈதான்.

அப்படியென்றால் எதுதான் காக்கும்?

முதலில் அளவு. மொத்த மருந்து ஏற ஏற ஆபத்தும் ஏறும். உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 400 மில்லிகிராம் ஆகும்போது சுமார் 5 சதவீதம் பேருக்கு இதயச் செயலிழப்பு. 550 ஆகும்போது சுமார் 26 சதவீதம். மார்பகப் புற்றுநோய்க்கு வழக்கமான நான்கு சுற்றுகளில் மொத்தம் 240தான் வரும். ஆபத்து குறைவு, ஆனால் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அதனால் தொடங்கும் முன்பே எக்கோ (இதய ஸ்கேன்) எடுத்திருக்க வேண்டும். எடுக்கவில்லையென்றால் நாளைக்கே கேளுங்கள். ரத்த அழுத்தமும் கட்டுக்குள் இருக்கட்டும். அதிக அளவு தேவைப்படுவோருக்கு டெக்ஸ்ராசாக்சேன் என்ற மருந்து உண்டு. மனிதர்களிடம் சோதித்து அங்கீகரிக்கப்பட்டது. யாருக்குத் தேவை என்பதை மருத்துவர்தான் முடிவு செய்வார்.

சமையலுக்கு நல்லெண்ணெய், கடலை எண்ணெய்?

தாராளமாக. வழக்கமான அளவில் உணவாகச் சாப்பிடுவதில் பிரச்சினை இல்லை. செறிவூட்டிய மாத்திரை வேறு விஷயம். அதை மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

என் தங்கைக்கு டிராஸ்டுசுமாப் என்ற புற்றுநோய் மருந்து கொடுக்கிறார்கள். அதுவும் இதே மாதிரியா?

இல்லை. அதில் வரும் பாதிப்பு பெரும்பாலும் மருந்தை நிறுத்தினால் சரியாகும். சிகிச்சைக் காலத்தில் வழக்கமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை எக்கோ பார்ப்பார்கள், தவறவிடாதீர்கள்.

எதைக் கண்டால் உடனே ஓட வேண்டும்?

படுத்தால் மூச்சுத் திணறல், கால் வீக்கம், சில நாட்களிலேயே எடை கூடுதல். டாக்ஸோரூபிசின் பாதிப்பு பல ஆண்டுகள் கழித்தும் தலைகாட்டும். பின்னாளில் எந்த மருத்துவரைப் பார்த்தாலும் இந்த மருந்து ஏற்றியதைச் சொல்லுங்கள், டிஸ்சார்ஜ் சம்மரியைத் தொலைக்காமல் வைத்திருங்கள்.