நைட் ஷிஃப்ட்டும் ஆயத்தமும்

சகோதரி, நைட் ஷிஃப்ட் முடிந்து ஜெபிக்க உட்கார்ந்தால் தூங்கிவிடுகிறேன், கர்த்தர் வரும்போது கைவிடப்படுவேனோ என்று பயந்து எழுதியிருக்கிறீர்கள். வேதாகமத்தில் மத்தேயு 25-ஐ நிதானமாக வாசியுங்கள்; மணவாளனுக்காக விளக்கோடு காத்திருந்தவர்களின் உவமை அது. பத்துக் கன்னிகைகளுமே தூங்கினார்கள், புத்தியுள்ள ஐந்து பேர் உட்பட! (பிரசங்கத்தில் இதை ஏனோ வேகமாகத் தாண்டிவிடுகிறார்கள்.) வித்தியாசம் எண்ணெயில்தான்: புத்தியுள்ளவர்கள் விளக்குக்கு எண்ணெயையும் கூடவே எடுத்துப்போயிருந்தார்கள். முந்தின அதிகாரத்தில் பாக்கியவான் எனப்படுகிற ஊழியக்காரனும், எஜமான் வரும்போது தன் வேலையாக வேளாவேளைக்குச் சாப்பாடு கொடுத்துக்கொண்டிருந்தவன்தான்.

ஜெபத்தை ஷிஃப்ட்டுக்கு முன்னால் மாற்றிப் பாருங்கள். கிளம்பும்முன் வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசியுங்கள். அதில் ஒரே ஒரு வசனத்தைப் பிடித்துக்கொண்டு போய், இடைவேளையில் அதையே ஜெபமாக்குங்கள். யாரோடாவது மனத்தாங்கல் இருந்தால் உடனே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள். தூக்கத்தைவிட அதைத் தள்ளிப்போடுவதுதான் எனக்கு ஆபத்தாகப் படுகிறது. வீடு திரும்பியதும் 4-ம் சங்கீதத்தின் கடைசி வசனத்தை (‘சமாதானத்தோடே படுத்துக்கொண்டு நித்திரைசெய்வேன்’ என்று தொடங்குவது) சொல்லிவிட்டுப் படுத்துவிடுங்கள்.